வாய்க்கரிசி நேரத்தில் அழிந்த வரி

என் அப்பாவுக்கு நான் வாய்க்கரிசி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், ஜொகூர் பாரு பக்கம் தெப்ராவில் இருக்கும் எங்கள் தொழிற்சாலையின் முக்கியமான நெட்வொர்க் பெட்டியில் ஒரு வரியை நான் அழித்தேன் என்று பதிவு சொல்கிறது. பெயர் என்னுடையது. கடவுச்சொல் என்னுடையது. ஏன் அழித்தேன் என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ஓகே’ என்று இருக்கிறது. அந்த இடத்தில் நான் ஒருநாளும் ‘ஓகே’ என்று எழுதியதில்லை. அப்படி எழுதுகிறவர்களோடு மல்லுக்கு நின்றே தொண்டை வற்றியவள் நான்.

ஆற அமர எழுதலாம் என்று பலமுறை உட்கார்ந்து பார்த்தேன். ஆறவில்லை. ஆறாமலேயே எழுதுகிறேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையில் எல்லாக் கணினியும், எல்லா இயந்திரமும், வாசல் கதவும்கூட, ஒரு கேபிள் வழியாக ஏதாவது ஒரு பெட்டியில் போய்ச் சேரும். சுவிட்ச் என்போம். ஒவ்வொரு சுவிட்சுக்குள்ளும் கட்டளைகள் வரி வரியாக இருக்கும். எந்தக் கேபிள் எதனோடு பேசலாம், எதை வாசலிலேயே நிறுத்த வேண்டும் என்று சொல்லும் வரிகள். ஒரு வரி தப்பினால் ஒரு மாடியில் வேலை நிற்கும். வேறொரு வரி தப்பினால் மொத்தத் தொழிற்சாலையும் நிற்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாருக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். மேலாளர் வருவார், கான்ட்ராக்டர் வருவார், கான்ட்ராக்டரின் ஆள் வருவார். ஆளாளுக்கு உள்ளே போய்க் கைவைப்பார்கள். ஏதாவது நின்றுபோனால் நான் கேட்பேன்.

“யாரு மாத்துனது?”

“தெரியல லா. அப்பவே அப்படித்தான் இருந்துச்சு.”

எத்தனை பேரிடம் கேட்டாலும் இதே பதில்தான். சுவிட்ச் தானாகவே எழுந்து உட்கார்ந்து தன்னை மாற்றிக்கொண்டதைப் போலப் பேசுவார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, நானே ஓர் ஏற்பாடு கொண்டுவந்தேன். அவரவர் அவரவர் பெயரில்தான் உள்ளே போக வேண்டும். மாற்றினால் ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். முக்கியமான சுவிட்சில் என் பெயரைத் தவிர வேறு பெயரில் எதையும் மாற்ற முடியாது, ஏனென்றால் அதில் அத்தனை பேரும் விளையாடி முடித்திருந்தார்கள். நேற்று என்ன வரி இருந்தது, இன்று எது போனது, எது வந்தது, யார் செய்தார், எல்லாம் பதிவாகும். அந்தப் பதிவின் நகல் உடனுக்குடன் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். அதை யாராலும் திருத்த முடியாது. என்னாலும் முடியாது. அந்தக் கடைசி விதிக்காக நான்தான் ஒவ்வொரு கூட்டத்திலும் போய்ச் சண்டை போட்டேன்.

எங்கள் மேலாளருக்கு இதில் ஒன்றுமே பிடிக்கவில்லை. அவரும் தமிழர்தான். காரியம் ஆக வேண்டுமென்றால் தமிழில் ‘தங்கச்சி’ என்பார். தட்டிக்கழிக்க வேண்டுமென்றால் ஆங்கிலத்தில் ‘மிஸ்’ என்பார்.

“நாம எல்லாம் ஒரே குடும்பம் தங்கச்சி. குடும்பத்துல யாரு லைட்ட அணைச்சதுன்னு எழுதி வச்சுக்கிட்டா இருப்பாங்க?”

“இது குடும்பம் இல்ல சார். ஃபேக்டரி.”

அவருக்கும் உள்ளே போக ஒரு பெயர் உண்டாக்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். “எனக்கு எதுக்கு தங்கச்சி, நீதான் இருக்கல்ல.” என்மேல் இருக்கிற நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டு நான் பெருமைப்பட்டேன். அவர் பெயரில் ஒன்று இருந்தால்தானே அவர் பெயர் பதிவில் வரும். இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ‘அவர்’ என்று எழுதுகிறேனே, அதுகூடப் பழக்கத்தில் வருவதுதான். மரியாதையில் வருவது அல்ல.

என் அப்பா குளுவாங் பக்கத்தில் பாலோவில் இருந்தார். செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டி ஓய்வுபெற்றவர். தொலைபேசியில் நீட்டிப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை. நான் தெப்ராவில் என் வாடகை வீட்டுக்கு வந்து சேரும் நேரம் பார்த்துத் தினமும் கூப்பிடுவார். “வந்துட்டியாம்மா?” என்பார். “வந்துட்டேன்பா” என்பேன். வைத்துவிடுவார். அந்த ‘வந்துட்டியா’வை ஆங்கில எழுத்தில் எழுதி, பின்னால் அவர் லோரி எண்ணைச் சேர்த்து, அதைத்தான் என் கடவுச்சொல்லாக வைத்திருந்தேன். காலையில் வேலையைத் தொடங்கும்போது அதைத் தட்டித்தான் உள்ளே போவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அம்மா முன்பே போய்விட்டார். எனக்கு இருப்பது ஓர் அண்ணன் மட்டும். மறுநாள் சனிக்கிழமை மதியம் எடுப்பதாக முடிவானது. குளுவாங் மின்சுடலையில் நேரம் வாங்கியாயிற்று.

வீட்டு வாசலில் கூடாரம் போட்டார்கள். சித்தப்பா சிங்கப்பூரில் இருக்கிறார். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் எல்லைப் பாலத்து நெரிசலில் மாட்டி, அப்பாவை எடுத்த பிறகுதான் வந்து சேர்ந்திருப்பார். அதனால் அண்ணன் தன் கைப்பேசியைக் கூடாரத்துக் கம்பத்தில் கட்டி, வீடியோ அழைப்பில் அவரைக் கூப்பிட்டுவிட்டு, அதைப் பதிவாகவும் போட்டிருந்தார். எங்கள் பக்கத்தில் இப்போது சாவு வீடென்றால் இப்படி ஒரு கைப்பேசி கம்பத்தில் தொங்குகிறது. பாதிச் சொந்தம் அக்கரையில் இருந்துதான் அழுகிறது.

அலுவலகத்திலிருந்து வேன் வந்தது. மேலாளர் இறங்கி வந்து அப்பாவுக்கு மாலை போட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொங்கிவிட்டது. இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே என்று. அதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

கொஞ்ச நேரம் கழித்து என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“தங்கச்சி, கேக்கவே சங்கடமாத்தான் இருக்கு. புது கிடங்குல லைன் வர மாட்டேங்குது. கான்ட்ராக்டர் அங்க உக்காந்துக்கிட்டு இருக்காரு. திங்கக்கிழமை கஸ்டமர் வராங்க.”

“சார், எங்கப்பா இன்னும் வீட்ட விட்டுக் கெளம்பல.”

“தெரியும்மா. அஞ்சு நிமிஷ வேலைதான். உன் பாஸ்வேர்ட மட்டும் சொல்லு. அப்புறம் நீ மாத்திக்க.”

சுற்றிலும் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். துக்கம் கேட்க வந்தவரிடம் சாவு வீட்டில் யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள். அவருக்கும் அது தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான் அங்கே கேட்டார். நான் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். உறுமிச் சத்தத்தில் காதில் விழவில்லை என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, அப்பா என்னிடம் தினமும் கேட்ட கேள்வியை, நான் அந்த மனிதருக்கு எழுத்துக் கூட்டிச் சொன்னேன். அவர் அதைத் தன் கைப்பேசியில் தட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

உடனே வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். மேளத்தை நிறுத்தினார்கள். முதலில் அண்ணன் போட்டார். அடுத்து நான். கையில் அரிசியை அள்ளிக்கொண்டு அப்பாவின் வாயருகே கொண்டுபோனபோது பாதி அரிசி அவர் மார்பில் சிந்தியது. ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

அந்த நேரத்தில் தெப்ராவில் என்ன நடந்தது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஒரே கேபிளின் இரண்டு முனைகளையும் தெரியாமல் சுவரில் சொருகிவிட்டால், உள்ளே ஒரே செய்தி சுற்றிச் சுற்றி வந்து எல்லாவற்றையும் அடைத்துவிடும். அதைத் தடுக்க முக்கியமான சுவிட்சில் ஒரு வரி காவல் இருந்தது. எங்கே சுற்றுகிறதோ அந்த ஒரு துளையை மட்டும் அது மூடிவிடும். புதிய கிடங்கில் கான்ட்ராக்டர் கேபிளைத் தப்பாக இழுத்திருந்தார். காவல் வரி தன் வேலையைச் செய்து அவர் துளையை மூடிக்கொண்டே இருந்தது. கேபிளைச் சரிசெய்வதை விட்டுவிட்டு, அவர் காவல் வரியையே அழித்துவிட்டார். வீட்டில் மின்சாரம் அடிக்கடி டிரிப் ஆகிறது என்று டிரிப் ஆகும் ஸ்விட்சையே பிடுங்கி எறிவார்களே, அந்த மாதிரி. கிடங்கில் லைன் வந்துவிட்டது. திங்கட்கிழமை வாடிக்கையாளர் வந்து பாராட்டிவிட்டுப் போனாராம்.

அதே வாரத்தில், அலுவலக அறையைச் சுத்தம் செய்த யாரோ, தரையில் கிடந்த ஒரு கேபிள் முனையை நல்லெண்ணத்தில் பக்கத்துத் துளையில் சொருகிவைத்தார்கள். தடுக்கக் காவல் இல்லை. தொழிற்சாலை முழுவதும் நின்றது. சிங்கப்பூர் போக வேண்டிய லோரிகள் சாயங்காலம் வரை வாசலில் வரிசையாக நின்றன. என்னை யாரும் கூப்பிடவில்லை. துக்க வீட்டைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று இருக்கிறார்கள் என நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எட்டாம் நாள் படையலுக்கு நான் வடை சுட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் கடிதம் வந்தது. அனுமதி இல்லாமல் பாதுகாப்பு வரியை நீக்கி உற்பத்தியை நிறுத்தியதற்காக உங்களை ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். உள்விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பதிவின் படத்தையும் இணைத்திருந்தார்கள். என் பெயர், சனிக்கிழமை, மதியம், ‘ஓகே’.

வேலை போவது ஒரு பக்கம். நான் செய்யும் தொழிலில், வேண்டுமென்றே நெட்வொர்க்கைக் கெடுத்தவள் என்ற பெயர் வந்துவிட்டால், தெப்ராவிலிருந்து சிங்கப்பூர் வரை ஒருத்தரும் என்னை ஒரு சுவிட்சின் பக்கத்தில்கூட நிற்கவிட மாட்டார்கள். மேலாளரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன். படித்துவிட்டதைக் காட்டும் நீலக் குறி வந்தது, பதில் வரவில்லை. சாயங்காலம் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. விசாரணை முறைப்படி நடக்கட்டும், மிஸ்.

அன்று மாலை அண்ணனிடம் சொல்லிப் புலம்பியபோது, “அந்த நேரத்துல நீ என் பக்கத்துலதானே நின்ன, வீடியோலயே இருக்குமே” என்றார். இரண்டு பேருமாக உட்கார்ந்து பார்த்தோம். கம்பத்தில் கட்டிய கைப்பேசிக்கு நேரே அப்பா. அரிசியோடு நான் குனிகிறேன். மூலையில் நேரம் ஓடுகிறது. மேளம் நின்ற அந்த அமைதியில், மற்றவர்களின் அழுகையைவிடப் பக்கத்தில், ஒரு குரல் கேட்டது. மேலாளர் அந்தக் கம்பத்தடியில் ஒதுங்கி நின்றுதான் கான்ட்ராக்டரோடு பேசியிருக்கிறார். தலைக்கு மேல் ஒரு கைப்பேசி ஓடிக்கொண்டிருந்ததை அவர் பார்க்கவில்லை.

“வி ஃபார் வேன்... ஏ... ஆ, உள்ள போயிட்டியா? தடுக்குற அந்த லைன எடுத்துரு. எடுத்துரு லா, ஒண்ணும் ஆகாது. காரணம் கேக்குதா? ஏதாச்சும் போடு. ஓகேன்னு போடு.”

அண்ணன் கைப்பேசியை மேசைமேல் வைத்தார்.

“இத ஆபீஸ்ல காட்டப் போறியா?”

“வேற என்ன செய்யச் சொல்றீங்க?”

“அப்பாவ அந்த நெலமையில அவனுங்க முன்னாடி படம் காட்டுவியா?”

“எனக்கு மட்டும் ஆசையாண்ணே?”

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். வெகுநேரம் மோட்டார் சைக்கிள் மேல் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு என் கைப்பேசிக்கு அதை அனுப்பினார்.

விசாரணை அறையில் மூன்று பேர். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒரு சீனர், மனிதவளப் பிரிவின் மலாய் அம்மா, சாட்சியாக எங்கள் மேலாளர். பேச்செல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. நான் அந்தச் சனிக்கிழமை பாலோவில் இருந்தேன் என்றேன். பாலோவிலிருந்தும் மடிக்கணினியில் செய்யலாமே என்றார் தலைமை அலுவலகத்துக்காரர். அது நியாயமான கேள்விதான். நான் மேலாளர் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டேன்.

“சார், வாய்க்கரிசி போட்டப்போ நீங்க அங்கதானே நின்னீங்க? என் கையில என்ன இருந்துச்சு?”

அவர் ஆங்கிலத்தில், அந்த மேசையைப் பார்த்துக்கொண்டே, நேரம் சரியாக நினைவில்லை என்றார். கடவுச்சொல் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். அப்பாவுக்கு மாலை போட்ட கை அந்த மேசைமேல் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தது.

என்னிடம் ஒரு பதிவு இருக்கிறது, குரலை மட்டும் போட்டுக் காட்டுகிறேன் என்றேன். குரல் எந்த நாளிலும் பதிவானதாக இருக்கலாம், படமும் நேரமும் வேண்டும் என்றார்கள். அப்போது மேலாளர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். போட மாட்டாள் என்ற நம்பிக்கை அந்தப் பார்வையில் இருந்தது. எங்கள் ஆட்களை நன்றாகத் தெரிந்தவர் அல்லவா.

போட்டேன்.

உற்பத்திக் கணக்கு காட்டும் அந்தப் பெரிய திரையில் என் அப்பா வந்தார். மூக்கில் பஞ்சோடு, நெற்றி நிறைய விபூதியோடு, சுவர் அகலத்துக்கு வந்தார். மலாய் அம்மா தலையைக் குனிந்துகொண்டு வாய்க்குள் ஏதோ ஓதினார். திரையில் நான் அரிசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அதன்மேல் மேலாளரின் குரல் விழுந்தது. வி ஃபார் வேன். தலைமை அலுவலகத்துக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எழுத்துகள் புரிந்தன, கடைசியில் வந்த ‘ஓகே’யும் புரிந்தது. நடுவில் இருந்த பேச்சை நானே மொழிபெயர்த்தேன். தப்பாக மொழிபெயர்த்தால் திருத்துங்கள் என்று மேலாளரிடம் சொன்னேன். அவர் திருத்தவில்லை.

“கடவுச்சொல்லில் இருக்கும் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?” என்று அந்தச் சீனர் மெதுவாகக் கேட்டார்.

“வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டாயா என்று பொருள். அவர் கேட்பது” என்று திரையைக் காட்டினேன்.

குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றார்கள். மேலாளருக்கு என்ன தண்டனை என்று கேட்காதீர்கள். அறிவுரை கூறப்பட்டதாம். அறிவுரை. அதே நாற்காலியில்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறார். விசாரணை முடிந்து வெளியே வந்தபோது லிஃப்ட் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தார். தமிழ் திரும்பியிருந்தது.

“இருந்தாலும் அத நீ காட்டியிருக்க வேணாம் தங்கச்சி. அப்பாவோட மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல.”

“எங்கப்பா மரியாதையப் பத்தி இனிமே உங்க வாயால ஒரு வார்த்தை வரக்கூடாது. தங்கச்சின்னும் கூப்பிடாதீங்க.”

கை ஓங்காமல் இருந்தேனே, அதுவே பெரிது.

தலைமை அலுவலகத்துக்காரர் நல்ல மனிதர். கோப்பில் வைக்க அந்த வீடியோவின் நகலைக் கேட்டார். தர மாட்டேன் என்றேன். வற்புறுத்தவில்லை. பிறகு, மேலிடத்தில் பேசி அந்த ஒரு பதிவை மட்டும் திறக்கச் சொல்லி, உங்கள் பெயரை எடுத்துவிடலாமா என்று கேட்டார். எனக்குச் சரி என்று சொல்லத்தான் ஆசையாக இருந்தது. ஆனால் எனக்காக ஒருமுறை திறந்த பூட்டு, நாளைக்கு மேலாளருக்காகவும் திறக்கும். நாளை மறுநாள் கான்ட்ராக்டருக்காகவும் திறக்கும். மறுபடியும் ‘அப்பவே அப்படித்தான் இருந்துச்சு’ என்ற இடத்துக்கே போய் நிற்போம். வேண்டாம் என்றேன். சொல்லிவிட்டுக் கார் நிறுத்துமிடத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கத்தினேன். யாரைத் திட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆகவே பதிவில் அந்த வரி என் பெயரிலேயே இருக்கிறது. பக்கத்தில் விசாரணையின் குறிப்பு எதுவும் கிடையாது. குறிப்பு சேர்க்க அந்த ஏற்பாட்டில் இடமில்லை. அப்படித்தான் நான் கேட்டு வாங்கினேன்.

சமீபத்தில் வெளியிலிருந்து ஒரு தணிக்கையாளர் வந்தார். நம்மவர்தான், ஜொகூர் பாருக்காரர். பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு வந்தவர் அதில் நின்றார்.

“மற்ற எடத்துலல்லாம் நல்லா விளக்கமா எழுதியிருக்கீங்க. இது என்ன, வெறும் ஓகே? அன்னைக்கு என்ன அவசரம்?”

“அன்னைக்கு எங்கப்பாவ எடுத்தாங்க.”

அவர் வருத்தம் சொன்னார். ஆனாலும் தன் வேலையை விடவில்லை.

“இருக்கட்டும். அடுத்த தடவை காரணத்தச் சரியா எழுதிருங்க.”

“அடுத்த தடவன்னு ஒண்ணு இல்லங்க” என்றேன். “எனக்கு இருந்தது ஒரு அப்பாதான்.”